பலகையில் எழுதாத கிளினிக்

செய்தி வந்தபோது நான் ஒரு குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு, முள் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். மேசையில் கிடந்த தொலைபேசி இரண்டு தரம் அதிர்ந்தது. எங்கள் மருத்துவமாதுகளின் வட்ஸ்அப் குழுவில், "பிலோமினா மிஸ் காலமை போயிட்டா" என்று ஒருத்தி போட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. இன்னாலில்லாஹி சொன்னேன். பிறகு குழந்தையின் நிறையை அட்டையில் பிழையாக எழுதினேன். தாய்தான் சுட்டிக்காட்டித் திருத்துவித்தாள்.

மறுநாள் பாப்பாமோட்டையில் நல்லடக்கம். கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் மூன்று பேர் பேசினார்கள். "தாய்மாரின் தோழி" என்றார் ஒருவர். "தன்னலமற்ற சேவை" என்றார் இன்னொருவர். அந்த சேவையில் பாதி என்னவென்று மூவரும் சொல்லவில்லை. அரசாங்கம் இலவசமாகத் தருகிற கருத்தடை மாத்திரையையும் மூன்று மாத ஊசியையும் அடம்பன் பக்கத்துப் பெண்களிடம் கொண்டு சேர்த்தவர் பிலோமினா அக்கா. அதற்காகவே அந்த முற்றத்தில் நின்றவர்களில் அரைவாசிப் பேரிடம் பேச்சு வாங்கியவர். நான் முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பின்வரிசையில் பல்லைக் கடித்தபடி நின்றேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் பயிற்சி முடித்தோம். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருக்கு அடம்பன் பக்கத்துக் கிராமங்கள், எனக்கு மன்னார்த் தீவில் எங்கள் முஸ்லிம் ஆக்கள் செறிந்திருக்கும் பகுதி. இருவருக்கும் ஒரே தலையிடி. அவருடைய கோயில் இயற்கை வழி தவிர மற்றதெல்லாம் பாவம் என்றது. என் பக்கத்தில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் சிலர், அரசாங்கம் எங்கள் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறது என்றார்கள். அக்காவின் பக்கத்திலும் தமிழரைக் குறைக்கப் போகிறார்கள் என்ற அதே கதை, போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தை அக்கா ஒருநாளும் பகிடி பண்ணியதில்லை. எனக்குத்தான் பொறுமை இருக்கவில்லை.

ஒருமுறை நிர்வாகத்தினர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் விடவில்லை. மார்க்கத்தில் இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த நாட்டு உலமாக்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு மணித்தியாலம் வாதாடினேன். அவர்கள்தான் முதலில் எழுந்து போனார்கள். அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த கிளினிக்குக்கு என் பகுதியிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

"நீர் வென்றிட்டீர், நஸீரா," என்றார் அக்கா. "கிளினிக்கிலதான் ஆளில்லை."

பிறகுதான் தெரிந்தது, என் பகுதிப் பெண்கள் விடத்தல்தீவில் சொந்தக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி பஸ் ஏறி, அக்காவிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அக்காவின் பகுதிப் பெண்களோ மன்னார்ப் பட்டினத்தில் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். மாதாந்தக் கூட்டத்தில் எங்கள் வைத்திய அதிகாரி இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அவவின்ர ஆக்கள் உங்கட புத்தகத்தில, உங்கட ஆக்கள் அவவின்ர புத்தகத்தில. என்ன நடக்குது?" என்று கேட்டார்.

"சேர், பஸ் ஓடுது," என்றார் அக்கா.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காவை அரசாங்கத்தின் ஆள் என்றவர்கள் இதைக் கேட்கட்டும். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருந்த ஒரு கிராமத்துக்கு, வெளி மாவட்டத்திலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுப்பதாகச் சொல்லித் தாய்மாரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த பெண்களை வரிசையில் இருத்தி, ஐந்து வருடம் வேலை செய்யும் கருத்தடைக் குச்சியைக் கைத்தோலுக்குள் வைக்க ஆயத்தம் நடந்தது. அக்கா மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இவை சத்துமாவுக்கு வந்தவை, சேர். இதுக்கு வரேல்லை."

"பிரயோசனமானதுதானே மிஸ், பிறகு விளங்கப்படுத்தலாம்."

"முதல் விளங்கப்படுத்துவம். பிறகு அவை வீட்டை போய் யோசிக்கட்டும். விருப்பமானவை அடுத்த கிழமை வருவினம்."

சத்துமாவைக் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டார். விளக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு ஊர்ப் பாதர் அக்காவின் வீடு தேடிவந்து பாராட்டினார். அடுத்த கிழமை ஏழு பெண்கள் தாங்களாகவே வந்து அந்தக் குச்சியை வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதே பாதர் அக்காவுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

கிளினிக் நடந்தது கோயில் மண்டபத்தில். அந்த ஊரில் வேறு கட்டடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குப் பிறகு, இந்த வேலைக்கு மண்டபம் தர முடியாது என்று பங்குச்சபை தீர்மானித்துப் பூட்டுப் போட்டது. வேறு இடம் கேட்டு அக்கா சுகாதாரக் கந்தோருக்குக் கடிதம் எழுதினார். இடமில்லை என்ற பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. எங்கள் கந்தோர்களின் வேகம் உங்களுக்குத் தெரியும்.

அந்த இரண்டு மாதத்தில்தான் ரஞ்சினியின் ஊசித் தவணை வந்து போனது. ரஞ்சினி முகாமிலிருந்து திரும்பியவள், நான்கு பிள்ளைகளின் தாய். சிறுவயதில் வந்த காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருந்தது. இன்னொரு பிள்ளை பெற்றால் உயிர் தங்காது என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இதய நோயாளி என்பதால் டொக்டர் பார்த்துத்தான் ஊசி போட வேண்டும். கிளினிக் பூட்டியிருந்ததால் மன்னாருக்குக் கூட்டிப்போக அக்கா மூன்று தரம் அவள் வீட்டுக்குப் போனார். மூன்று தரமும் புருஷன் வாசலில் நின்றான்.

"பாதர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே மிஸ்? கடவுள் பார்த்துக்கொள்ளுவார்."

ரஞ்சினி கர்ப்பமானாள். ஏழாம் மாதத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை பிழைத்தது. ரஞ்சினி இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். எல்லாம் முடிந்தபின் அக்கா நேரே பாதரின் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே பூகம்பம் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நான் என்றால் நடத்தியிருப்பேன்.

"பாதர், வாதாட வரேல்லை," என்றார் அக்கா. "மண்டபத் திறப்பைத் தாங்கோ."

பாதர் கெட்ட மனிதர் அல்ல; அடக்கத்தில் செபம் சொல்லும்போது அவர் குரல் இரண்டு தரம் உடைந்ததை நானே கேட்டேன். மேசை லாச்சியை இழுத்துச் சாவியை எடுத்தார்.

"திறப்பைத் தாறன் பிலோமினா. ஆனா வெளியில பலகையில அதைப் போடாதேங்கோ. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் எண்டு மட்டும் எழுதுங்கோ."

"சரி பாதர்."

சரி! வரும் வழியெல்லாம் நான் சண்டை பிடித்தேன். ஒரு பெண் செத்திருக்கிறாள், இவர்களுக்குப் பலகைதான் பிரச்சினையா, நீங்கள் ஏன் தலையாட்டினீர்கள் என்று கத்தினேன். அக்கா மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"நஸீரா, பலகையை வாசிச்சு ஒரு பொம்பிளையும் வாறேல்லை. நீர் சும்மா ஏறி இரும்."

அன்றிலிருந்து அக்கா ஓய்வு பெறும்வரை அந்த மண்டபத்தில் ஊசி போடப்பட்டது. ஊருக்கே தெரியும். பலகைக்கு மட்டும் தெரியாது. இந்த நாடகம் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

அதைவிட எரிச்சல் தந்தது இன்னொன்று. அக்கா ஒரு ஞாயிறுகூடப் பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் எல்லோரும் வரிசையில் போய் நன்மை என்கிற திருவப்பத்தை வாங்கும்போது அவர் மட்டும் முழங்காலில் இருப்பாராம். அதை அவர் மகள் சொல்லித்தான் அறிந்தேன். ஏன் என்று அக்காவிடமே கேட்டேன்.

"நன்மை எடுக்கிறதெண்டால் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். இதைப் பாவமெண்டு சொல்லி மன்னிப்புக் கேக்க என்னால ஏலாது, நஸீரா. கேட்டால் அது பொய். கடவுளிட்டப் பொய் சொல்லுறதே?"

"அப்ப வேற கோயிலுக்குப் போங்கோ. உங்களைத் தெரியாத ஒரு பாதரிட்டப் போங்கோ."

"கடவுளுக்கு என்னைத் தெரியும்தானே."

பதினொரு வருடம். எந்தப் பாதரும் அவரைத் தடுக்கவில்லை. அவரே தன்னைத் தடுத்துக்கொண்டார். ஊசி போட வந்த பெண்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் போய் நன்மை வாங்கிக்கொண்டு வந்தார்கள். போட்டவர் முழங்காலில் இருந்தார். இப்படிப்பட்ட நேர்மையோடு ஒருவர் எப்படித்தான் சிநேகிதமாக இருப்பது, சொல்லுங்கள்.

போன மாதம் புற்றுநோய் முற்றிக் கிடையில் விழுந்தபோது, புதிதாக வந்திருந்த இளம் பாதர் நன்மை கொண்டு வந்தார். மகள் பக்கத்திலேயே இருந்தாள். "எல்லாத்துக்கும் மனம் வருந்தி மனஸ்தாபப்படுறன் பாதர். பிள்ளையளுக்கு அடிச்சிருக்கிறன், மாமியோட கோவிச்சிருக்கிறன். அந்த ஊசிக்கு மட்டும் மனஸ்தாபமில்லை," என்றாராம் அக்கா. அந்த இளம் பாதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியவர்களிடம் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனார். மறுநாள் சொன்னபடி வந்தார், கொடுக்கும் முடிவோடு. அதற்குள் அக்காவுக்கு விழுங்கும் சக்தி போய்விட்டது. எண்ணெய் பூசிச் செபித்துவிட்டு, வெளியே மாமரத்தடியில் நின்று அழுதாராம்.

ஒரு நாள். அதில் கேட்பதற்கு என்ன இருந்தது?

அக்கா ஓய்வு பெற்றபின் அவர் இடத்துக்கு இன்னும் ஒருவரையும் நியமிக்கவில்லை. பதில் கடமைக்கு நான்தான் போகிறேன். அவருடைய பொறுமை எனக்கு வராது. நான் இன்னும் ஆக்களோடு கத்துகிறேன். நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கத்தை மட்டும்தான். ஒரு பெண் யாரோடு வந்தாலும், வந்தவர்களை வெளியே இருத்திவிட்டு, கதவைச் சாத்தி, அவளாக வாய் திறக்கும்வரை பேசாமல் இருப்பது.

அக்காவின் அடக்கத்துக்கு மறுகிழமை ஒருத்தி புருஷனோடும் மாமியோடும் வந்தாள். "ஊசியைப் போட்டு விடுங்கோ மிஸ், இவவுக்கு இனிப் பிள்ளை வேண்டாம்," என்றார் மாமி. இருவரையும் வெளியே அனுப்பினேன். ஊசியை ஆயத்தப்படுத்தித் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேர் வரிசையில். வாய் துருதுருத்தது. அடக்கிக்கொண்டேன்.

"எனக்கு இன்னொரு பிள்ளை வேணும் மிஸ்," என்றாள் கடைசியில். "இவைதான் வேண்டாமெண்டுகினம்."

நான் ஊசியை எறிந்துவிட்டு, கதவைத் திறந்து மாமியை உரத்துக் கூப்பிட்டேன்.