கௌசல்யா தொடாமல் வைத்த பெயர்கள்

அன்று காலை ரயிலில் கௌசல்யாவுக்காகப் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். திருத்தணியில் வண்டி நகரும் கடைசி நொடியில் ஓடிவந்து ஏறுவது அவள் வழக்கம். வண்டி கிளம்பிவிட்டது, அவளைக் காணோம். மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் தம்பி அழைத்தான். "அக்கா, எங்க இருக்கீங்க? எங்க அக்கா போய்ட்டாங்க. விடிகாலைல நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிட்ச்சு." அரக்கோணத்தில் இறங்கி எதிர் வண்டிக்கு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. அவள்மேல் கோபம்தான் வந்தது.

அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவளைச் சென்னை அலுவலகத்தில் தெரியும். அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து நாங்கள் ஜாவா எழுதினோம். மக்கள் கண்டபடி தட்டச்சு செய்யும் பெயர்களையும் முகவரிகளையும் சீராக்கும் நிரல்கள்தான் எங்கள் பிழைப்பு. ஜாவாவில் எழுத்துச் சரத்தை, அதாவது ஸ்ட்ரிங்கை, ஒருமுறை உருவாக்கிவிட்டால் மாற்ற முடியாது. ஓரத்து இடைவெளியை நீக்கச் சொன்னால் இடைவெளி இல்லாத புதிய ஸ்ட்ரிங் ஒன்றைத் தரும். பழையது அப்படியே இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதில் இடறி விழுவார்கள். எனக்கும் எரிச்சல்தான். அவளுக்கோ ஸ்ட்ரிங்கின் அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும். சீராக்கிய பெயரை மட்டும் சேமித்தால் போதாதா, பழையதை ஏன் சுமக்க வேண்டும் என்று நான் சண்டை போடுவேன். "அவங்க சொன்னது அவங்களுது, நாம தொடச்சது நம்மளுது. ரெண்டும் இருக்கட்டும்டி" என்பாள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்க எங்கள் நண்பர்கள் மலையடிவாரத்திலும் பேருந்து நிலையத்திலும் பந்தல் போட்டார்கள். தேடுகிறவர் சொல்லும் பெயரையும், வழிதவறி வந்தவர் சொல்லும் பெயரையும் ஒப்பிடும் நிரலை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். நம் ஊரில் யாரும் வெறும் பெயரைச் சொல்வதில்லை. சுப்பம்மா அக்கா, மணி பாவா என்றுதான் வரும். அந்த உறவுச் சொற்களையெல்லாம் வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் ஒப்பிடும் பகுதியை கௌசல்யா எழுதினாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை, காபி குடிக்கும்போதெல்லாம் அதே பேச்சு.

அந்தக் கிருத்திகையன்று மதியம் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், அப்பாவைக் காணோம் என்று மலையடிவாரத்தில் நாங்கள் இருந்த பந்தலுக்கு ஓடிவந்தாள். பெயர் வெங்கடேசலு. சர்க்கரை நோயாளி, மறதி வேறு. காலையிலிருந்து சாப்பிடவில்லை, மாத்திரை இவள் பையில். தேடினோம், பொருந்தும் பெயர் இல்லை. இல்லைங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். கௌசல்யா என் கையைப் பிடித்தாள். "இருடி, வந்தது வந்த மாதிரியே ஒரு தரம் பாத்துர்றேன்" என்று, வெட்டுவதற்கு முந்தைய பெயர்களைத் திரையில் வரவழைத்தாள். பேருந்து நிலையப் பந்தலில் பதிந்திருந்த ஒரு பெயர்: நைனா. வெறும் நைனா. அவள் நிரல் அதை அப்பா என்கிற உறவுச் சொல் என்று வெட்ட, மிஞ்சியது ஒன்றுமில்லை. பெயரே இல்லாத அந்த ஆளைப் பட்டியல் காட்டாமல் விட்டுவிட்டது.

"ஊர்ல சின்னது பெருசு எல்லாம் அவர நைனான்னுதாங்க கூப்புடும்" என்றாள் அந்தப் பெண். உடனே அந்தப் பந்தலுக்குப் பேசினோம். அவர்தான். சாப்பிடாமல் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று வாயில் கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்லி, மகளை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். போகும்போது அவள் கௌசல்யாவின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

"என் ப்ரோகிராம் ஒரு மனுசன முழுங்கிட்ச்சு பாரு" என்றாள் கௌசல்யா. அங்கேயே உட்கார்ந்துகொண்டு தன் பெருமைக்குரிய பகுதியை முழுக்க அழித்தாள். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் வெறும் நைனா என்று தட்டச்சு செய்த அந்தப் பந்தல் பையனைத்தான் திட்டியிருப்பேன்.

அவள் போன பிறகு வந்த முதல் கிருத்திகை இது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து மங்கம்மா என்ற அம்மா ஒருவர் கணவரைத் தேடிக்கொண்டு வந்தார். பெயர் கேட்டால், "எங்க ஊட்டுக்காருங்க" என்றார். மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார், புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எனக்கு நாக்கு நுனிவரை வந்த கோபத்தை விழுங்கிவிட்டு, அவர் சொன்னதை அப்படியே பதிந்தேன். பிறகு ஒலிபெருக்கியில், "மங்கம்மாவோட ஊட்டுக்காரர் எங்க இருந்தாலும் வாங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் வெட்கச் சிரிப்போடு அவர் வந்து நின்றார்.

நான் அவசரக்காரி, எதிராளி வாக்கியத்தை முடிக்கும் முன்பே திருத்திவிடுகிறவள். இன்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதன்மேல் கை வைக்காமல் கொஞ்ச நேரம் இருக்க என்னால் முடிகிறது. கௌசல்யாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.