தாம் மூட்டிய தீயில் அப்பா நடந்த நாள்

எங்கள் அப்பா இல்லாத முதல் வருடம் இன்றோடு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல விதமாக அறிந்தவர்கள். கவ்வாத்துக் கத்தியோடு மலையில் பார்த்தவர்கள் உண்டு. கோயில் முற்றத்தில் பழகியவர்கள் உண்டு. அவருடைய கேலிப் பேச்சில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். மூத்த மகளாகிய நான் அவரை அறிந்தது பெரும்பாலும் பயத்தின் வழியாக. அப்பாவுக்குப் பயம் என்பது அநேகமாகக் கிடையாது. ஆகையால் வீட்டுக்கு வேண்டிய பயம் முழுவதையும் நான் ஒருத்தியே பட வேண்டியதாயிற்று.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு மட்டும் பள்ளிக்கூடம் போனார். மீசை அரும்பும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெரியவர்களோடு வரிசையில் நின்றார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவர் கை பேர் பெற்றது. வெட்டி விழும் மிலாறுக் குச்சிகளில் எது நின்று எரியும், எது சடசடத்து அடங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கும் பூக்குழிக்கு விறகு அடுக்கித் தீ மூட்டும் பொறுப்பைத் தோட்டத்தார் அவரிடமே விட்டார்கள்.

அப்பாவின் ஆசையும் அங்கேதான் பிறந்தது. ஒரு முறையாவது தாமும் அந்தக் குழியில் இறங்க வேண்டும். "நான் மூட்டுற நெருப்புல ஊரே நடக்குது. என் கால் படாம நான் போயிரக் கூடாது" என்பார். வீடு வேண்டும், நிலம் வேண்டும், இந்தியா போக வேண்டும் என்று மற்றவர்கள் ஆசைப்பட்ட காலத்தில் அப்பா கேட்டது இது ஒன்றைத்தான்.

ஆனால் தீ மிதிப்பவர் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் தீட்டு. அறுபதுகளின் நடுவில் அப்பா காப்புக் கட்ட இருந்த காலையில் என் தம்பி பிறந்தான். பிறகு பஞ்ச காலம் வந்தது. மரவள்ளிக் கிழங்குக்கே அலைந்த அந்த நாட்களில் எங்கள் தோட்டத்தில் திருவிழாவே நடக்கவில்லை. இன்னொரு வருடம், காப்புக் கட்டிப் பாதி விரதத்தில் இருந்தபோது, கப்பலேறி இந்தியா போன பெரியப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அண்ணனுக்காக அழுதுகொண்டே அப்பா காப்பை அவிழ்த்தார். அதற்குப் பிறகு உலகத்தில் அவர் பயந்த ஒரே மனிதர் தந்தி கொண்டுவரும் எங்கள் தோட்டத்துத் தப்பால்காரர். அடுத்த திருவிழாவுக்கு முன் அவரிடமே போய், இந்தியாவிலிருந்து எது வந்தாலும் பூக்குழி முடியும் வரை பையிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வருடம் இந்தியாவிலிருந்து எதுவும் வரவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல்தான் வந்தது.

இப்படியே வயது ஏறியது. நான் தோட்டத்து மருந்தகத்தில் காயம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் மலையிலிருந்து வந்த அப்பாவின் பாதத்தில் கவ்வாத்துக் கட்டையின் கூரிய சிம்பு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. நான் சொல்லித்தான் அது அவருக்கே தெரிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் சீனி வியாதி என்றார்கள். காலில் உணர்ச்சி போய்விட்டது, இனி இந்தக் காலில் புண் வந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று அங்கிருந்த டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒரு காலை இழந்து கட்டையூன்றி வந்தவரை எனக்குத் தெரியும். அன்று முதல் தினமும் அப்பாவின் பாதங்களைத் திருப்பிப் பார்க்காமல் நான் சாப்பிட்டதில்லை.

அந்தக் காலோடுதான், எண்பதுகளின் தொடக்கத்தில், கோயில் கூட்டத்தில் எழுந்து தாமும் பூ மிதிப்பதாக அப்பா சொல்லிவிட்டு வந்தார். நான் சண்டை போட்டேன், அழுதேன், ஒரு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அப்பா அசையவில்லை. பூசாரியிடம் போனேன். சீனியெல்லாம் ஆத்தாவிடம் செல்லாது என்று அவர் விபூதி கொடுத்து அனுப்பினார். கடைசியில் அம்மாவின் காலைப் பிடித்தேன்.

"நேர்ந்துக்கிட்டவரைத் தடுத்தா ஆத்தா நம்மளத்தான் கேப்பா" என்றார் அம்மா. "அவருக்கு வேற என்னத்தடி நாம செஞ்சு குடுத்துட்டோம்?"

தடுப்பதை விட்டேன். மருந்தக ஐயாவிடம் சொல்லி, மருந்தும் துணியும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

திருவிழா மாலையில் தப்பு முழங்கியது. மஞ்சள் உடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் குழியில் இறங்கி வேகவேகமாகக் கடந்து பால்குழிக்குப் போனார்கள். அப்பாவின் முறை வந்தது. அவர் ஓடவில்லை. பெரட்டுக்குப் போகிறவரைப் போல நிதானமாக நடந்தார். சனங்கள் அரோகரா என்றார்கள், பக்தியைப் பார் என்றார்கள். எனக்கு மட்டும் அந்த நிதானத்தின் காரணம் தெரியும். சுடாத காலுக்கு என்ன அவசரம்? ஓடுங்கப்பா, ஓடுங்கப்பா என்று எனக்குள்ளேயே கத்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து அவருடைய பாதத்தை என் மடியில் வைத்துப் பார்த்தேன். இரவெல்லாம் ஊரார் வந்து அந்தப் பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டுப் போனதில் எனக்குக் கிட்டப் போகவே வழி கிடைக்கவில்லை. அப்பா மட்டும் களையிழந்து இருந்தார்.

"ஒண்ணுமே தெரியல தாயி" என்றார். "வெறுந்தரையில நடந்த மாதிரிதான் இருந்துச்சு. வேற யாரோ நடந்த மாதிரி. சுடாமப் போனது ஆத்தாவாலயா, சீனியாலயா?"

இடது பாதத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, ஒரு கொப்புளத்தைப் பார்த்துவிட்டிருந்தேன். விரதத்தில் குறை வைத்தவருக்குத்தான் கொப்புளம் போடும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. இத்தனை வருடம் காத்திருந்தவருக்கு அந்தப் பழி வேறா என்று அதைக் கையால் மறைத்தேன். என் முகத்தைப் படிப்பது அப்பாவுக்குப் பெரிய வேலையல்ல. என்னவென்று காட்டச் சொன்னார். அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்து வந்து அவர் பாதத்துக்கு நேரே பிடித்தேன்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"சுட்டிருக்கு" என்றார். "அப்ப நான்தான் நடந்திருக்கேன்."

அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் என் அழுகை வேறு. அந்தக் கொப்புளம் உடைந்து புண்ணானது. ஊருக்கெல்லாம் அதைத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டு என்னிடம் ஏச்சு வாங்கினார். மாதக்கணக்கில் ஆறவில்லை. பதுளையில் படுக்க வைத்தார்கள். விரலை எடுப்பதா, பாதத்தை எடுப்பதா என்று டாக்டர்மார் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, வாட்டுக்கு வெளியே நின்று அந்த ஆத்தாவை நான் திட்டிய திட்டு அவளுக்கே தெரியும். புண் எப்படியோ ஆறத் தொடங்கியது. ஆத்தாவாலா மருந்தாலா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவில் அப்பா வழக்கம்போல் விறகு அடுக்கினார். குழியில் இறங்குவதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதற்குப் பின் சில வருடங்கள் நன்றாக இருந்தார். பேரப்பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கினார். சென்ற வருடம் ஒரு காலையில், தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று லொறியைத் திருப்பிக் கொண்டுபோகாமல் உறவுகளை அழைத்துவர ஓடிக்கொண்டே இருந்த சாரதித் தம்பிக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் உடனிருந்த பக்கத்து வீட்டுக் காம்பராப் பெண்களுக்கும், முன்பு அப்பாவின் காலைக் காப்பாற்றித் தந்த பதுளை ஆஸ்பத்திரியாருக்கும், எங்கள் மருந்தக ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டியை மூடும் முன் துணியை விலக்கி அவருடைய பாதங்களை ஒரு முறை திருப்பிப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. இரண்டு காலோடும்தான் அப்பாவை அனுப்பி வைத்தோம். இனி அவற்றைப் பற்றி நான் பயப்பட வேண்டியதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.