திறக்க வேண்டாமென்ற கல்லறை

டீலியாவைப் பிடிவாதக்காரி என்றுதான் இனிஷ்காராத் தீவு முழுக்கச் சொல்லும். புருஷன் சாகும்போது கேட்ட ஒரே ஒரு காரியத்தை மறுத்தவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பத்தேழு வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கேட்டுத் தொண்டை வறண்டவள் அவள்தானே, ஊரில்லையே!

என் பிள்ளையை எங்கே வைத்தாய்? அவ்வளவுதான் கேள்வி.

செத்துப் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. இனிஷ்காராவில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று மேற்கே பாறை விளிம்பில் ஒரு துண்டு நிலம் ஒதுக்கியிருந்தார்கள். பேரில்லாக் கொல்லை என்பார்கள். தகப்பன் பெட்டி செய்வான், ஆனால் அவன் தூக்கிப் போகக் கூடாது. விடிவதற்கு முன்னால் வாசலில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறொரு ஆளிடம் கொடுக்க வேண்டும். எந்த இடம் என்று தாயும் கேட்கக் கூடாது, தகப்பனும் கேட்கக் கூடாது.

அந்த வேறொரு ஆள் டீலியாவின் புருஷன் ஃபெஸ்டி. முதல் பெட்டி அவனுடையதுதான். கொடுக்க ஆள் கிடைக்காமல் தன் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு, நெஞ்சுரம் உள்ளவன் என்று ஊரே அவன் வாசலுக்கு வர ஆரம்பித்தது. வேறு யாருக்கும் அந்தக் கொல்லைக்குள் கால் வைக்கத் தைரியமில்லை. உள்ளே போனவனுக்குத் திசை மறந்துபோகும், விடிய விடியச் சுற்றினாலும் சுவரில் இருக்கிற வாசல் கண்ணில் படாது என்பார்கள். மேல்காற்று அடித்தால் அங்கிருந்து அழுகுரல் கேட்கும். அதை டீலியாவே கேட்டிருக்கிறாள். கல்லறைத் திருநாளன்று பெண்கள் சிப்பி பொறுக்கிக் கொண்டுபோய்ச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

"எந்தக் கல்லுக்கடியிலய்யா வச்ச?" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவள் கேட்பாள்.

"குளிராத எடத்துலதான் வச்சிருக்கேன். கேக்காத புள்ள," என்பான் அவன். அதற்குமேல் வாய் திறக்கமாட்டான், கல்லுளிமங்கன்.

பிப்ரவரி மாதம் நெஞ்சில் சளி கட்டி ஃபெஸ்டி படுத்தான். நாலாம் நாள் மத்தியானம் அவள் கையைப் பிடித்தான். கடைசிப் பேச்சாக அவன் சொன்னது இது: "எங்கம்மா கல்லறையத் தெறக்காதீங்க. என்னைச் செவத்தோரமா, கரை ஒதுங்குன பொணங்களோட போட்டுருங்க."

ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான் அந்தத் தீவில். தாய்மேல் மகன், மகன்மேல் மருமகள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஊர்பேர் தெரியாத மாலுமிகளோடு படுக்கிறேன் என்று எவனாவது சொல்வானா? பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, புகையிலையும் தேநீருமாக ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது.

"பெத்த தாய் பக்கத்துல படுக்க மாட்டேங்கிறான்னா, உள்ள என்னமோ இருக்கு," என்றாள் அடுத்த வீட்டு பார்ப்ரா.

"அந்தக் கெழவி எப்படிச் செத்தாள்னு யாரு கண்டா? பெட்டிக்கு ஆணியடிச்சதே இவன் ஒருத்தன்தான்," என்றான் மிஹால். கல்லறை வெட்டுகிற இரண்டு பேரில் அவன் ஒருவன். "முப்பத்தேழு வருஷமா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியார்ட்ட ஒரு பாவமும் சொல்லல, நற்கருணையும் வாங்கல. முழங்கால் வலின்னு கோயிலுக்கு வெளியவே நிப்பான். மனசுல பெரிய பாரம் இல்லாதவன் அப்படி நிப்பானா?"

டீலியா திரும்பினாள். கட்டிலில் கிடந்தவனின் முகத்தைப் பார்த்தாள். நாணயம் வைத்து மூடிய கண்கள். இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் ஒரே பானையில் சாப்பிட்டோம்? அப்புறம் பார்வை சுவரோரம் கிடந்த அவனுடைய பூட்ஸின் மேல் போனது. பெட்டி வாங்கிப்போன ஒவ்வொரு விடியலுக்குப் பிறகும் அவற்றைத் தட்டித் துடைத்தவள் அவள்தான். உதிர்ந்தது எப்போதும் வெள்ளை மணல். பேரில்லாக் கொல்லையில் மண் கன்னங்கரேலென்று இருக்கும். வெள்ளை மணல் கல்லறைத் தோட்டத்தில்தான். அட கடவுளே, இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லையே!

எழுந்து நின்றாள். "அவங்கம்மா குழியையே தோண்டுங்க."

பார்ப்ராவின் புருஷன் கோல்மன்தான் இன்னொரு வெட்டியான். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டீலியாக்கா, செத்தவர் சொல்லை மீறலாமா?"

"என் பேச்சை அவரு ஒரு நாளாவது கேட்டாரா? தோண்டுடா."

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போன இருவருக்கும் பின்னால் அவளும் போனாள். சவப்பெட்டி வருவதற்கு முன் பெண்கள் அங்கே வரும் வழக்கமில்லை. காற்று செத்துக் கிடந்தது. எப்போதும் சுவர்மேல் கத்திக்கொண்டிருக்கும் கடற்காக்கை ஒன்றைக்கூடக் காணவில்லை.

முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. மண்வெட்டி மரத்தில் இடித்தது.

"ஆறடிக்கில்ல பொதைச்சோம் கெழவிய?" மிஹால் மண்வெட்டியைக் கீழே போட்டான். "மேல ஏறி வந்துட்டாளா?"

"வாய மூடு," என்று கோல்மன் கையால் மணலைத் தள்ளினான். ஒன்றரை முழ நீளத்தில் ஒரு பெட்டி. அதன் பக்கத்தில் இன்னொன்று. மிஹால் சிலுவை போட்டுக்கொண்டு குழியிலிருந்து வெளியே பாய்ந்தான். கோல்மன் மட்டும் இரண்டாவது பெட்டியின் பித்தளைத் திருகாணிகளைத் தடவியபடி அசையாமல் நின்றான். உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கிய கதவை அறுத்து, நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் தன் கையாலேயே செய்த பெட்டி.

"இதை நான்தான் ஃபெஸ்டிண்ணன் கையில குடுத்தேன்," என்றான். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மணலைத் தள்ளத் தள்ள, மொத்தம் பதினோரு பெட்டிகள். கிழவியின் பெட்டிக்கு மேலே, சுற்றிலும் வரிசையாக, ஒன்றோடொன்று இடிக்காமல், அத்தனை பக்குவமாக வைத்திருந்தான். அவற்றில் எல்லாவற்றுக்கும் அடியில், கிழவியின் மார்புக்கு நேராக இருந்தது ஒரு வெண்ணெய்ப் பெட்டி, கடைக்கு வெண்ணெய் வரும் சின்ன மரப்பெட்டி. அதன் மூடியைச் சுற்றிக் கட்டியிருந்த நீலக்கோட்டுக் கம்பளித் துணி டீலியா தன் பாவாடையிலிருந்து கிழித்துக் கொடுத்தது.

அவள் குழிக்குள் இறங்கி அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கனமே இல்லை. "பாவி மனுஷா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னய்யா?" என்று கத்தினாள். கத்தும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்திருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொல்லியாக வேண்டும். சாமியார் காதில் விழுந்தால், வெளியே எடு என்பார். எதிர்க்கரையில் ஒருத்தனை அப்படித்தான் தன் பிள்ளையைத் தோண்டியெடுக்க வைத்தார்கள். அதனால் ஒற்றை ஆளாக அந்தப் பாவத்தைத் தான் வைத்துக்கொண்டு, சொல்லாத பாவத்தோடு வாங்கக் கூடாத நற்கருணையும் வேண்டாம் என்று வாசலிலேயே நின்றிருக்கிறான். அவனைக் கொலைகாரன் என்று நேற்று அரை நிமிஷம் நினைத்தோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அப்ப கொல்லையில அழுவுறது யாரு?" என்றான் மிஹால், மேலே நின்றபடி.

மூவருமே மேற்கே பார்க்காமல் இருந்தார்கள்.

முனைப்பாறையைத் தாண்டிப் படகு ஒன்று தெரிந்தது. அடக்கத்துக்கு வருகிற சாமியார்.

"சொல்லிடலாம் அக்கா," என்று மிஹால் கையைப் பிசைந்தான். "மந்திரிச்ச மண்ணு இது. மறைச்சா நமக்கும் பாவம்."

"உன் பொண்டாட்டி ரெண்டு பெத்து ரெண்டையும் குடுத்தாளே, அதுங்க எங்கடா இருக்கு?" டீலியா வெண்ணெய்ப் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து மணலை அணைத்தாள். "போ. போய்ச் சொல்லு. எந்தப் பெட்டிய மொதல்ல எடுக்கணும்னு அவருக்குக் காட்டு."

மிஹால் படகைப் பார்த்தான். பிறகு குழிக்குள் இறங்கி மணல் தள்ளினான்.

கோல்மன் வீட்டுக்கு ஓடினான். அவன் பார்ப்ராவிடம் சொல்ல, பார்ப்ரா வீடு வீடாகப் போனாள். சவப்பெட்டி வந்தபோது பின்னால் தீவின் இருபத்திரண்டு வீடும் வந்தது. படுக்கையை விட்டு எழாதவர்களைக்கூட நாற்காலியில் தூக்கி வந்தார்கள்.

சாமியார் இளவயசுக்காரர், கண்டிப்பானவர். கூட்டத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "கோயிலுக்கே வராத ஆளுக்கு இவ்வளவு பேரா? குழி ஏன் இவ்வளவு மேலாக இருக்கு?"

"கீழ தண்ணி ஊறுது சாமி," என்றான் கோல்மன்.

பெட்டியை இறக்கினார்கள். சாமியார் லத்தீனில் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். புத்தகத்தை மூடப்போனார்.

"சாமி, இன்னுங் கொஞ்சம் தெளிங்க," என்றாள் டீலியா.

"ஒரு ஆளுக்கு இது போதும்மா."

"தலைமாட்டுல விழலையே சாமி," என்றாள் பார்ப்ரா.

"கால்மாட்டுலயும் விழல," என்றான் மிஹால், தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிரே நின்ற பெண்கள் யாரும் ஃபெஸ்டியின் பெட்டியைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு மூலையாக, அதைச் சுற்றியிருந்த வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த முகங்களைப் பார்த்தார், பிறகு அவர்கள் பார்த்த மணலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அவர் குனிந்து, கோயில்பிள்ளையின் கையிலிருந்த தீர்த்தச் செம்பை வாங்கினார். குழியைச் சுற்றி மெதுவாக நடந்து, நாலு ஓரத்திலும் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார். மறுபடி முதலிலிருந்து செபத்தைச் சொன்னார். ஃபெஸ்டியின் பேர் வர வேண்டிய இடத்தில் இந்தத் தடவை எந்தப் பேரையும் சொல்லாமல், "இங்கே துயில்பவர்கள்" என்று மட்டும் ஊர்ப் பேச்சில் சொன்னார்.

டீலியா மணலில் மண்டியிட்டு, பிள்ளைகளும் ஃபெஸ்டியுமாகப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஆமென் சொன்னாள்.