நானேதான் போட்டுக்கிறேன்

வக்கீல்கள் எழுதும் நினைவுகளைப் படித்தால் நாங்கள் யாரும் தோற்றதே இல்லை என்று தோன்றும். இந்த வழக்கில் நானும் ஜெயித்தவன்தான். ஆனால் நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் கட்சிக்காரர் ஒரு பெயிண்டர். ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது அலுமினிய ஏணி மின்கம்பியில் உரசி, இரண்டு கையும் கருகிப்போனது. உயிர் பிழைத்துவிட்டார். விரல்கள் மட்டும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. முதல் தடவை என் அலுவலகத்துக்கு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார்.

"யாரு சார் இதுக்கு பெயிண்ட் அடிச்சது? உங்ககிட்ட கேஸ்ல தோத்தவனா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் மனைவி சிரிக்கவில்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலையை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்தம்மா. இழப்பீடு வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். பெயிண்டர் படியிறங்கிய பிறகு அந்தம்மா மட்டும் திரும்பி வந்தார்.

"வீட்டுல அவருக்கு எல்லாமே நான்தாங்க. ஆனா வெளியில சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். கோர்ட்டுல என்னைக் கூப்பிடாதீங்க."

நான் கூப்பிடவில்லை. பெயிண்டரே சொல்லிவிடுவார் என்று நம்பிவிட்டேன்.

விசாரணை நாளில் அந்தம்மாவின் அண்ணனும் வந்து, தங்கை பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். கூண்டில் ஏறியதுமே பெயிண்டரின் கண் நேராக மச்சானிடம் போனது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல், பழம் தின்று கொட்டை போட்ட ஆள். தேன் ஒழுகப் பேசுவார்.

"கை பரவாயில்லை போலிருக்கே. சட்டையெல்லாம் யாரு போட்டு விடுறாங்க?"

"நானேதான் போட்டுக்கிறேன்."

"சாப்பாடு?"

"அதுவும் நானேதான்."

"அப்ப உங்க வேலைய நீங்களே பார்த்துக்கிறீங்க."

"ஆமா சார். எனக்கென்ன?"

இன்சூரன்ஸ் வக்கீல் என்னைப் பார்த்து ஒரு புன்னகை புரிந்துவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் அந்தம்மா எழுந்து நின்றார்.

"ஐயா, அவர் சொல்றது உண்மை இல்லைங்க."

நீதிபதியின் அனுமதி வாங்கி அந்தம்மாவைக் கூண்டில் ஏற்றினேன். பல் தேய்த்து விடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "மத்ததும் நான்தாங்க" என்று நிறுத்திக்கொண்டார். நீதிபதிக்கு அதுவே போதுமாக இருந்தது, எழுதிக்கொண்டார். எனக்குத்தான் போதவில்லை.

"மத்ததுன்னா என்ன? தெளிவா சொல்லுங்கம்மா."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

நீதிபதி பெயிண்டரைக் கேட்டார். "உங்க மனைவி சொல்றது உண்மையா?"

அவர் மச்சான் எழுந்துபோன காலி இடத்தைப் பார்த்தார்.

"அவ பொய் சொல்ல மாட்டா ஐயா."

அதன்பிறகு நான் வெளுத்து வாங்கினேன். கழிப்பறைக்குக்கூடத் தனியாகப் போக முடியாத மனிதர் என்று குரலை உயர்த்தித் திரும்பத் திரும்பச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் தலை நிமிரவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம்தான் என்று அப்போதே தெரிந்துபோனது. பின்னால் வந்ததும் அப்படித்தான்.

உணவு இடைவேளையில் வராந்தா முழுக்கக் கறுப்புக் கோட்டுகள். நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுவரோர பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்டர் எழுந்தார். பழக்க தோஷத்தில் அந்தம்மாவும் கூடவே எழுந்தார்.

"நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "சார், பாத்ரூம் வரைக்கும் கொஞ்சம் கூட வர்றீங்களா?"

அதைத்தானே சற்றுமுன் கோர்ட் அதிர முழங்கிவிட்டு வந்திருந்தேன். இருந்தும் என் கண் என்னை மீறி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டது, யார் யார் நிற்கிறார்கள் என்று. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"வர்றேன், வாங்க" என்றேன்.

"பரவாயில்லை சார்" என்றார். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மனைவியைக் கூப்பிட்டார்.