செல்வியின் பொறுப்பில் ஒரு சிவப்பு ஆர்க்கிட்

முத்தியால்பேட்டை செந்தமிழ்ச்செல்வி ஒன்பது வருடமாக அந்த வீட்டில் வேலை பார்த்தாள். கணவர் இல்லை. ஒரே மகள் தீபலட்சுமி ஓசூரில் இருந்தாள். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த வீட்டின் சொந்தக்காரி பிரான்சிலேயே தங்கிவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள், பிரெஞ்சு வழக்கப்படி, மதாம். பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கூட்டித் துடைப்பதுதான் செல்வியின் வேலை, மதாம் சொல்லி மணிப்பூரிலிருந்து செல்வியின் பெயருக்கு ஒரு பார்சல் வரும்வரை.

உள்ளே ஈரப் பாசி சுற்றிய ஒரு செடி. மண் வேண்டாம், மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விடும் ஆர்க்கிட். மதாம் அதை மாடியில் கட்டித் தொங்கவிடச் சொல்லி, எதிரே கேமராவும் வைக்கச் செய்தாள். தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கேமராவிலிருந்து மதாமின் குரல் வரும்.

“செல்வி, வேரு காஞ்சி வெளுத்துக் கெடக்கு பாரு. எங்க போன?”

ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு இல்லை. மகளுக்குப் பிரசவம் என்றபோது நாலு நாள் கேட்டாள்.

“பூக்கட்டும், அப்புறம் ஒரு மாசம் போய்ட்டு வா. வேற ஆள வெச்சா, நீ திரும்ப வர வேணாம்” என்றாள் மதாம்.

பேரனை செல்வி போனில்தான் பார்த்தாள்.

செடி வந்த ஐந்தாவது சித்திரையில் அது பூத்தது. ஒரே கிளையில் முப்பது நாற்பது பூக்கள், அத்தனையும் ரத்தச் சிவப்பு. அன்று மாலையே செல்வி ஓசூருக்கு டிக்கெட் எடுத்தாள். மதாம் அந்தப் பூவின் படத்தை ஊருக்கெல்லாம் தெரியும்படி இணையத்தில் போட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், அந்தப் படத்தைப் பார்த்து, வனத்துறையிலிருந்து அறிவுமதி என்ற அதிகாரி வந்தாள்.

“இது அழிஞ்சிட்டு வர்ற காட்டுச் செடிம்மா. எடுக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. பேப்பர் எதனா இருக்கா?”

செல்வி கேமராவைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பார்சல் அவ பேர்லதான வந்துது? அவ வளக்குற செடி” என்றது மதாமின் குரல்.

செல்வி போனை எடுத்து, மதாம் அனுப்பிய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். ‘என் செடிக்குத் தண்ணி தெளிச்சியா?’ என்று நாலாவது முறை கேட்டதும் அறிவுமதி போதும் என்று கை காட்டினாள். அதற்குள் கேமராவின் விளக்கு அணைந்திருந்தது.

“நீங்க சாட்சிதான், பயப்படாதீங்க. செடிய மணிப்பூருக்குத் திருப்பி அனுப்ப எழுதறேன். அதுவரைக்கும் இது செத்துடக் கூடாது. உங்க பொறுப்புல வெச்சிக்கங்க.”

“நான் மக வூட்டுக்குப் போவணும் மேடம்.”

“கொஞ்ச நாள்தாம்மா.”

செல்வி கையெழுத்துப் போட்டாள். அன்றே வேலை போனது. ஆட்டோவில் செடியைத் தூக்கிவந்து வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினாள். பக்கத்துத் தெரு மாவு மில்லில் அரை நாள் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு மேல் வீட்டை விட்டு நகர முடியவில்லை.

தீபாவளிக்கு மகள் வந்தாள். குழந்தை செல்வியிடம் வர மறுத்து அழுதது.

“அந்தச் செடியத் தூக்கிப் போட்டுட்டு எங்கூட வாம்மா.”

“கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்டி.”

மகள் மூன்றாம் நாள் கிளம்பிப் போனாள். மணிப்பூரிலிருந்து இன்னும் பதில் இல்லை. மதாம் மீதான வழக்கு இரண்டு முறை தள்ளிப்போனது. மாதம் ஒருமுறை அறிவுமதி போன் செய்கிறாள்.

“உயிரோட இருக்காம்மா?”

“இருக்கு மேடம்” என்கிறாள் செல்வி. “நல்லாத்தான் இருக்கு.”