ஐயாவுக்கென்று இருந்த மாமரம்

ஐயா தனக்கென்று ஒரு மாமரம் வைத்திருந்தார். பழத்துக்கு அல்ல. அதன் பழம் அவ்வளவு புளிப்பு. அணில்கூட ஒரு கடி கடித்துவிட்டுப் போட்டுவிடும். தன்னை எரிப்பதற்கு.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்மூடினால் அயலிலுள்ள ஆண்கள் கூப்பிடாமலே கோடாலியோடு வந்துவிடுவார்கள். செத்தவீட்டு வளவிலேயே ஒரு மரத்தைத் தறித்து, கொத்தி, சுடலைக்கு ஏற்றிவிடுவார்கள். கிணற்றடியில் குளித்துவிட்டு வரும்போது ஐயா அந்த மரத்தில் ஒரு தட்டுத் தட்டி, "என்னை இதிலை வையுங்கோ, கெதியா எரியும்" என்பார். "காலங்காத்தாலை உங்கடை வாயிலை வேறை கதை வராதே?" என்று அம்மா ஏசுவார். இருவருக்கும் அது பழகிப்போன ஏச்சு.

பிறகு சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கைக்குக் காபன் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வாசிகசாலையில் கூட்டம் வைத்து விளக்கினார்கள். வெளிநாட்டில் கம்பனிகள் புகை விடுகின்றன. எங்கள் வளவு மரங்கள் காற்றிலிருக்கிற காபனை இழுத்து வைத்திருக்கின்றன. எங்கள் மரம் நிற்பதற்கு அவர்கள் காசு தருவார்கள். அந்தக் கணக்கைக் காட்டித் தங்கள் புகையை விட்டுக்கொள்வார்கள். விற்காத மரத்துக்குக் காசு என்றால் யார்தான் வேண்டாம் என்பது?

சனம் விடாமல் கேள்வி கேட்டது. புகையிலைத் தோட்டத்தில் எருவாகத் தாழ்க்கக் குழை வெட்டலாமா? வெட்டலாம். ஆட்டுக்குச் சின்னக் கிளை முறிக்கலாமா? முறிக்கலாம். அடிமரத்திலும் பெரிய கிளையிலும் மட்டும் கை வைக்கக்கூடாது. ஒழுங்கை முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம். ஒரு வளவில் ஒரு மரம் தறித்தாலும் எல்லா வீட்டுக்கும் காசு நின்றுவிடும்.

பின்வாங்கிலிருந்து ஒருவர் எழும்பி, "அப்ப ஒரு இழவு கிழவு வந்தால்..." என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினார். "விளக்குக் கொளுத்தி வைச்ச இடத்திலை என்ன கதை உது?"

அத்தோடு அந்தக் கேள்வி செத்துப்போயிற்று. எங்கள் வளர்ப்பு அப்படி. நல்ல காரியத்தில் சாவை வாயால் எடுக்கமாட்டோம். முன்வாங்கில் இருந்த ஐயாவுக்கும் தன் மாமரம் நினைவுக்கு வந்திருக்கும். வாய் திறக்கவில்லை. முதல் கையெழுத்து அவருடையதுதான்.

பொய் சொல்லக்கூடாது, அந்தக் காசால் நன்மையும் வந்தது. மழைக்கு ஒழுகிய கூரைகள் மாறின. முன்வீட்டுக்காரரின் மகள் பல்கலைக்கழகத்தில் படிப்பது அந்தக் காசில்தான். ஆனால் மரம் தறித்துப் பிழைத்தவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டதும் இல்லை, அவர்களுக்கு ஒரு சதம் கிடைத்ததும் இல்லை. இருவர் கொழும்புக்குக் கூலிக்குப் போனார்கள். சந்தியிலிருந்த விறகுகாலைக்காரர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு லொறி வாங்கினார். எங்கள் அடுப்புகளுக்கு வன்னிக் காட்டிலிருந்து விறகு வந்தது. நூறு மைலுக்கு அப்பால் விழுந்த அந்த மரங்கள் எவருடைய கணக்கிலும் இல்லை. எங்கள் மரம் பத்திரமாக நின்றது. உலகம் பிழைத்ததென்று வருடாவருடம் எங்களுக்கு வாழ்த்து மடல் வந்தது.

ஒரு காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபடியே ஐயா போய்விட்டார்.

முன்வீட்டுக்காரர் கோடாலியோடு வந்தார். எத்தனையோ செத்தவீடுகளில் முதல் வெட்டு அவருடையது. பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாரும் மாமரத்தடிக்குப் போய் நின்றார்கள். மரத்தில் அடித்திருந்த சின்னத் தகரத் துண்டில் அதன் இலக்கம் இருந்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

நான் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே ஒரு பெண் முதலில் அனுதாபம் சொன்னாள். பிறகு, அனுமதிக்கு எழுதிக் கேட்கலாம், பதில் வரச் சில கிழமை செல்லும் என்றாள். ஒப்பந்தத்தில் புயல் இருந்தது, இடி இருந்தது, பூச்சி இருந்தது. மரம் சாவதற்கு அத்தனை வழி எழுதியிருந்தார்கள். மரத்துக்காரன் சாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அதுவரைக்கும் எங்கடை ஐயாவை என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். ஆனால் அன்றைக்கு எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

முன்வீட்டுக்காரர் அம்மாவிடம் வந்தார். "சொல்லுங்கோ அக்கா, தறிப்பம். வாறது வரட்டும்."

அம்மா அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி. விறகு லொறிக்காரரிட்டைச் சொல்லிவிடுங்கோ" என்றார்.

"அம்மா, ஐயா கேட்டது அது ஒண்டுதானே" என்றேன்.

"ஓம் பிள்ளை. ஆனா உவையின்ரை பிள்ளையளின்ரை படிப்பிலை உன்ரை ஐயாவை எரிக்கேலுமே?"

முன்வீட்டுக்காரர் கோடாலியை வேலியில் சாத்திவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்று அழுதார். கோடாலி கையிலிருந்தும் செத்தவீட்டில் வேலையில்லாமல் அவர் நின்றது அதுதான் முதல்முறை.

கனடாவிலிருந்து அண்ணை வந்து சேரும்வரை ஐயாவை வைத்திருந்தோம். அண்ணை ரிக்கெற் எடுக்கும்போது விமானப் புகைக்கு ஈடாக எங்கோ மரம் நிற்கட்டும் என்று கொஞ்சக் காசு சேர்த்துக் கட்டினாராம். அதைச் சொல்லிவிட்டு முற்றத்தில் நின்று மாமரத்தைப் பார்த்தார்.

பெண்கள் நாங்கள் சுடலைக்குப் போவதில்லை. ஒழுங்கை முகப்பில் நின்று, விறகு லொறி அந்தப் பக்கம் திரும்புவதைத்தான் நான் கண்டேன். காட்டுமரக் குற்றிகள், பட்டையில் பச்சைப் பாசி. ஐயா ஒருநாளும் தொட்டிராத மரம். கொள்ளி வைத்துவிட்டு வந்த அண்ணையிடம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எரிஞ்சதே?"

"ஈர விறகு அம்மா. நேரமெடுத்தது."

அம்மா தலையை ஆட்டினார். அதன்பிறகு கிணற்றடிக்குப் போனால் மாமரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில் மரம் அளக்கிறவர் வந்தார். மரியாதையான ஆள். மாமரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து, படம் எடுத்து, "நல்லாப் பருத்திருக்கு" என்று சிரித்தார். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உந்த ஒப்பந்தம் எப்ப முடியும்?"

"அது இன்னும் கனகாலம் இருக்கு அம்மா. இருபது வருசத்துக்குக் கிட்ட வரும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, காசு ஒழுங்கா வரும்."

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மரத்தின் உச்சிவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப எனக்கும் லொறியிலைதான் வரும்" என்றார்.

அளக்க வந்தவருக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. தேத்தண்ணி போடப் போவதுபோல் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.