கூரையில்லாத கோயிலுக்குக் கொண்டுபோன தேங்காய்

டென்மார்க்கில் நாங்கள் இருந்த இக்காஸ்டில் ஜூலை மாதம் துணித் தொழிற்சாலைகளைப் பூட்டிவிடுவார்கள். சனம் முழுக்க வெயில் தேடி ஓடும். வெயிலிலேயே காய்ந்து வளர்ந்த எங்களுக்கு அது என்னத்துக்கு? ஆனால் என்ர மூத்தவனுக்கும் அந்த வியாதி தொத்திவிட்டது. கிரேக்கத்துக்குப் போவம் என்றான்.

"கடற்கரையிலை பெரிய கோயில் இருக்கம்மா. ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேலை."

கோயில் என்ற சொல்லுக்குத்தான் நான் பிளேன் ஏறினேன். அந்த எண்பத்தைந்து, எண்பத்தாறில் டென்மார்க்கில் எங்களுக்கு ஒரு கோயில் இல்லை. ஊரில் சண்டைக்குள்ளே நின்றுவிட்ட என்ர சின்னவனிடமிருந்து நாலு மாசமாய்க் கடிதமும் இல்லை. கால் படுகிற முதல் கோயிலில் அவனுக்காகத் தேங்காய் உடைப்பேன் என்று நேர்ந்திருந்தேன். இக்காஸ்ட் கடையில் வாங்கிக்கொண்டு போனேன். குடுமியையும் வழித்துவிட்டு விற்கிறார்கள், தேங்காயின் அருமை தெரியாதவர்கள்.

விடிய முழுகி, பச்சைத் தண்ணியும் குடியாமல் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். கல்லு தோசைக்கல்லாய்க் கொதித்தது. உள்ளே கூரை இல்லை, மூலஸ்தானம் இல்லை. ஊரில் ஆமி எரித்துவிட்டுப் போன வீடு மாதிரித் தூணுகள் மட்டும் நிற்குது. அரைக் காற்சட்டையோடு ஒருத்தி தூணில் சாய்ந்து ஐஸ்கிரீம் நக்குகிறாள். இதுக்கு டிக்கெட் வேறை.

"சாமி எங்கையடா?"

"அது எப்பவோ போயிட்டுதம்மா."

"போகாமல் என்ன செய்யும்? விளக்கு வைக்க ஒருத்தர் இல்லை."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வந்தது வந்தாச்சு மாமி, உடையுங்கோவன்."

தேங்காயை ஓங்கினேன். காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான்.

"கல்லு பழுதாப் போமாம் அம்மா," என்றான் மகன்.

"ஒரு தேங்காயைத் தாங்காத கோயிலுக்கோடா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி?"

நேர்த்தியைத் தீர்க்காமல் திரும்பினால் சின்னவனுக்கு ஏதும் ஆகிவிடும் என்று எனக்குப் பயம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடலுக்கு இறங்கினேன். எங்கட ஊர்ச் சாமிகளே கடலுக்குத்தான் தீர்த்தமாட வாறவை. இங்கே டிக்கெட்டும் இல்லை, விசிலும் இல்லை. பாறையில் அடித்தேன். சரிபாதியாய்ப் பிளந்தது, பால் போல வெள்ளை. அதுக்குப் பிறகுதான் தண்ணி குடித்தேன்.

குளிர் தொடங்க, சின்னவன் ஜெர்மனியில் இருந்து கடிதம் போட்டான்.

"பாத்தீங்களே, அந்தக் கோயிலின்ரை மகிமை," என்கிறான் மூத்தவன் இன்றைக்கும்.

மகிமையாம்! நான் உடைத்தது கடலில். அந்தத் தூணுகளுக்கு ஒரு சிரட்டைத் துண்டுகூட நான் குடுக்கவில்லை.